மாற்று வேட்பாளரின் வீட்டுக்காரர்

அந்த ஓரத்தில் உட்காராதீர்கள் அண்ணாச்சி, இன்னும் கொஞ்ச நேரத்தில் வெயில் அங்கே வந்துவிடும். இந்தப் பெஞ்சுக்கு வந்துவிடுங்கள். இங்கிருந்து பார்த்தால் தாலுகா ஆபீஸ் வாசல் நேராகத் தெரியும். எனக்கு அது தெரிய வேண்டும்.

பட்டா மாறுதலா? இன்றைக்கு உங்கள் மனுவை யாரும் கையால் தொடமாட்டார்கள். மூன்று மணிவரை உள்ளே தேர்தல் வேலை. வேட்புமனு வாபஸ் வாங்க இன்றுதான் கடைசி நாள். மூன்று மணிக்கு மேல் வரச்சொன்னார்களா? அப்படியென்றால் நாம் இரண்டு பேரும் ஒரே மணிக்குத்தான் காத்திருக்கிறோம். டீ சொல்லட்டுமா? சீனி குறைவாகவா? சரி.

நான் எழில்வேந்தன். மாவிலங்குறிச்சித் தொகுதிக் கட்சி வேட்பாளர். வீட்டில் வைத்த பெயர் குருசாமி. கட்சிக்கு வந்தபோது மாற்றிக்கொண்டேன். நீங்கள் வெளியூர்க்காரர், உங்களுக்குத் தெரிந்திருக்காது. சுவரில் பாருங்கள், அந்தப் படத்தில் கைகூப்பி நிற்பது நான்தான். இளைத்துப்போய்விட்டேன், அதனால் அடையாளம் தெரியாது.

உள்ளே இருப்பது என் வீட்டுக்காரி. சீனியம்மாள். இப்போதைய எம்எல்ஏ. ஆமாம், அவள்தான் எம்எல்ஏ, நான் வேட்பாளர். வாபஸ் வாங்கத்தான் போயிருக்கிறாள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நானும் கூடப் போயிருப்பேன். வக்கீல் ஞானதுரைதான் வேண்டாம் என்றார். "அண்ணே, நீங்க உள்ள போனா, பொண்டாட்டிய மெரட்டி வாபஸ் வாங்க வச்சாருன்னு பேப்பர்க்காரன் எழுதிருவான்" என்றார். அதனால் வெளியே நிற்கிறேன். மணி என்ன? உங்கள் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?

அவள் எப்படி எம்எல்ஏ ஆனாள் என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். சொல்கிறேன். சொன்னால் எனக்கும் நேரம் போகும்.

அரசியலில் ஒரு பழக்கம் உண்டு. கட்சி ஒருவரை நிறுத்தினால், கூடவே இன்னொருவரும் மனுச் செய்வார். மாற்று வேட்பாளர். முதல் ஆளின் மனுவை ஏற்றுக்கொண்டால் மாற்று ஆளின் மனு தானாகத் தள்ளுபடி ஆகிவிடும். முதல் ஆளின் மனுவில் ஏதாவது கோளாறு வந்தால் மாற்று ஆள் நிற்பார். வண்டிக்கு ஸ்டெப்னி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டால் ஆசை வந்துவிடும் என்று எல்லோரும் சம்சாரத்தைத்தான் போடுவார்கள். நானும் அப்படித்தான். எந்தத் தேர்தலில் எனக்கு எது கிடைத்தாலும், ஒன்றியக் கவுன்சிலரோ, கூட்டுறவுச் சங்கமோ, எனக்கு மாற்று சீனியம்மாள்தான். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வருவாள், கையெழுத்துப் போடுவாள், வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். ஒரு தடவை கூட எதற்கு என்று கேட்டதில்லை. தங்கமான குணம்.

பிறகு பெரியவர் தனுஷ்கோடி, பழைய எம்எல்ஏ, பதவியில் இருக்கும்போதே கண்ணை மூடினார். உங்களிடம் சொல்வதற்கென்ன, பாடையின் முன்கொம்பை நான்தான் தூக்கினேன். முன்கொம்பைத் தூக்குகிறவனுக்குத்தான் அடுத்து சீட்டு என்பது எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு. இன்னும் மூன்று பேர் அதற்குத் தள்ளுமுள்ளு செய்தார்கள். நான் விடவில்லை. சுடுகாடுவரைக்கும் தோள் மாற்றவில்லை. அன்றைக்குத் தோள் வீங்கிப்போனது. சீனியம்மாள்தான் உப்பு ஒத்தடம் கொடுத்தாள். "செத்தவரு கனமா, சீட்டு கனமா?" என்றாள். சில நேரம் அப்படி வேடிக்கையாகப் பேசுவாள்.

இடைத்தேர்தல் வந்தது. நீங்கள் இடைத்தேர்தல் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் ஊரில் எம்எல்ஏக்கள் ஆயுசு கெட்டியா? ஹா. பொதுத்தேர்தல் என்பது ஊர் முழுக்கப் பெய்கிற மழை. நம் தெருவுக்கென்று தனியாகப் பெய்யாது. இடைத்தேர்தல் அப்படி இல்லை. ஒரே ஒரு தொகுதி. மொத்த அரசாங்கமும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கும். தெருவுக்கு ஒரு மந்திரி. ஒரு மந்திரி டீ ஆற்றினார், ஒருவர் பரோட்டா போட்டார், ஒருவர் குழந்தைக்குப் பெயர் வைத்தார். இருபது வருஷம் குழியாகக் கிடந்த ரோட்டுக்கு ஒரே வாரத்தில் தார் விழுந்தது. அந்த ரோட்டுக்குத்தான் பெரியவர் ஆயுள் முழுக்க அலைந்தார். அவர் இருந்தபோது வரவில்லை. அவர் செத்தவுடன் வந்தது. அந்தத் தார் இப்போது எங்கே என்று கேட்காதீர்கள்.

இடைத்தேர்தல் என்றால் பெரும்பாலும் ஆளுங்கட்சிதான். அதுவும் நாங்கள் ஆளுங்கட்சி. எனவே யாருக்கு சீட்டோ அவர்தான் எம்எல்ஏ. சீட்டு எனக்கு. முப்பது வருஷம் போஸ்டர் ஒட்டி, மேடை கட்டி, மைக் பிடித்து, தொண்டை போய்... என் தமிழைப் பார்க்கிறீர்களே, இது பள்ளிக்கூடத்தில் வந்த தமிழ் இல்லை, மேடையில் வந்த தமிழ்.

மனுத்தாக்கல் கடைசி நாள் ஒரு புதன்கிழமை. ஊர்வலம். எனக்குப் போட்ட மாலையில் முகமே தெரியவில்லை. கூட்டத்தில் வண்டி நகரவில்லை. இதே ஆபீஸ்தான், இதே வாசல். உள்ளே போய் மனுவை நீட்டும்போது மணி பன்னிரண்டுக்கு ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ இருந்தது. புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். நான் மேடையில் பகுத்தறிவு பேசுகிறவன்தான். ஆனால் ராகுகாலம் வீட்டுப் பழக்கம், அம்மா காலத்திலிருந்து. மனுவை நல்ல நேரத்தில் கொடுத்தாகிவிட்டது. அப்போது தேர்தல் அதிகாரி ஒரு அட்டையை நீட்டுகிறார். "சார், உறுதிமொழிய வாசிச்சிருங்க." மனுவைக் கொடுத்த பிறகு வேட்பாளர் உறுதிமொழி எடுக்க வேண்டும். சட்டம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு தாண்டிவிட்டது.

"வெளிய மந்திரி நிக்காரு. அப்புறம் வந்து வாசிக்கேன்" என்றேன்.

"இன்னைக்கு ராத்திரி பன்னெண்டுக்குள்ள எப்ப வேணாலும் வாங்க சார். நாளைக்கு ஆகாது. நாளைக்கு மனு பரிசீலனை" என்றார்.

"எனக்காகக் கொஞ்சம் பாத்துக்கிட மாட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு வெளியே வந்தேன். போட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். விரலைத் தூக்கிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால், மாற்று மனுக் கொடுக்கக் கூட வந்த சீனியம்மாளைக் காணோம். உள்ளே நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். ராகுகாலம் என்று கூடப் பார்க்காமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக, சத்தமாக. பத்தாவதுவரை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

சாயங்காலம் மந்திரிக்கு வீட்டில் விருந்து. கிடா வெட்டு. யாருக்கு எது ஞாபகம் இருக்கும்? சோறு பரிமாறும்போது என் பக்கத்தில் குனிந்து, "ஏங்க, அந்த உறுதிமொழி?" என்றாள். "போ, போ, அந்த ஆபீசர் நமக்கு வேண்டியவரு" என்றேன். போய்விட்டாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள் அண்ணாச்சி. இன்னொரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஒரு வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மறுநாள் என் மனு தள்ளுபடி. ஒரு அட்டையை வாசிக்காததற்கு! சீனியம்மாள் மனு ஏற்பு. ஸ்டெப்னி கழன்று முன்னால் வந்துவிட்டது. மந்திரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "யாருய்யா அந்தம்மா? பேசுமா?" என்றார். "பேசாதுங்கய்யா, அதான் அதுல விசேஷம்" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

என்ன, அங்கே யாரோ வெளியே வருகிறார்களா? அது டவாலி, ஆபீஸ் சேவகன். சரி.

பிரச்சாரம் தொடங்கியது. சித்திரை வெயில். திறந்த ஜீப்பில் காலையிலிருந்து இருட்டும்வரை அவள் நிற்பாள், நான் பக்கத்தில் நின்று மைக் பிடிப்பேன். "உங்கள் வீட்டுப் பிள்ளை, உங்கள் சகோதரி" என்று அவளுக்காக நான் பேசுவேன். அவள் கும்பிடுவாள். ஒரு விஷயம் சொல்கிறேன், கேளுங்கள். அத்தனை நாளும் அவள் வெளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள், வாங்கி என்னிடம் தருவாள். உதடு வெடித்துவிட்டது. ஏதோ நேர்த்திக்கடன் போல, எனக்காக இருக்கிறாள் என்று எனக்குள் ஒரு பெருமிதம். நான் நாலைந்து இளநீர் குடிப்பேன், இடையில் எங்கேயாவது ஒதுங்கிவிட்டு வந்து மறுபடி ஏறிக்கொள்வேன். அவள் நின்ற இடத்தில் நிற்பாள். என்ன கட்டுப்பாடு! ஒருநாள் ஜீப்பிலேயே மயங்கிச் சரிந்துவிட்டாள். அந்த வார்டில் பெண்களெல்லாம் அழுதார்கள். அந்த வார்டில் நமக்கு நல்ல ஓட்டு.

அதோ, இந்தக் காய்கறி மார்க்கெட். தாலுகா ஆபீஸ் சுவரை ஒட்டி இருக்கிறதே, அதுதான். அங்கே விடியக்காலம் ஓட்டுக் கேட்கப் போனோம். மந்திரியும் கூட இருந்தார். இவளைக் காணோம். தேடிப் பார்த்தால் மூட்டைகளுக்குப் பின்னால், பூசணிக்காய் விற்கிற மூக்கம்மா என்ற ஒருத்தி சேலையை விரித்து மறைத்துக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் நாலைந்து பெண்கள். "ஏ சீனி, மந்திரி நிக்காரு!" என்று கத்தினேன். மூக்கம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "நிக்கட்டும், அவருக்கென்ன, மரத்த மரத்தப் பாத்து நிப்பாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என்ன நாகரிகம் பாருங்கள். மந்திரி காதில் விழவில்லை, நல்லவேளை. அன்றிலிருந்து அந்தப் பெண்களோடு இவளுக்கு ஒரு சிநேகம். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஓட்டு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஜெயித்தாள். ஜெயித்தோம். சபை முடிய ஒன்றேகால் வருஷம் மிச்சம்.

அந்த ஒன்றேகால் வருஷமும் நான் அவளுக்கு ஒரு கஷ்டம் வைக்கவில்லை அண்ணாச்சி. எம்எல்ஏ ஆபீஸில் பெரிய நாற்காலியில் நான்தான் உட்காருவேன். எனக்கு முதுகுவலி, அவளுக்குப் பழக்கமும் இல்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். வருகிறவர்களிடம் நானே பேசிவிடுவேன். அவள் போனும் என்னிடம்தான் இருக்கும். இதோ பாருங்கள், இப்போது கூட என் பையில்தான் இருக்கிறது. இது என்னுடையது, இது அவளுடையது. யார் யாரோ கூப்பிடுவார்கள், அவளுக்கு எதற்குத் தொல்லை? ஆனால் ஜனங்களுக்கு நன்றி கிடையாது. "அண்ணே, எம்எல்ஏ இருக்காங்களா? இல்லேன்னா நீங்க கூடப் பரவாயில்ல" என்பான் ஒருவன். சென்னையில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் என்னை நிறுத்தி, "டிரைவருக்கெல்லாம் அந்தப் பக்கம்" என்றான் ஒரு சின்னப் பயல். நான் கதர் வேட்டி, துண்டோடு நிற்கிறேன்! சீனியம்மாளிடம் சொன்னேன். "நான் எவ்வளவு வருசமா அந்தப் பக்கம் சாப்பிட்டிருக்கேன்" என்றாள். அது என்ன பதில்?

டீ ஆறுகிறது, குடியுங்கள். மணி இரண்டே முக்கால் ஆகிவிட்டதா? இன்னும் நேரம் இருக்கிறது.

சட்டமன்றத்தில் பேச அவளுக்கு ஒரு நாள் வாய்ப்பு வந்தது. நான் ராத்திரி பகலாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் கட்சியில் பேச்சு என்றால் முதலில் தலைமைக்குப் பாராட்டு இருக்க வேண்டும். அதுதான் மரபு. மூன்று பக்கம் எழுதினேன். கதிரவன் என்று எழுதினேன், கலங்கரை விளக்கம் என்று எழுதினேன், எதுகையும் மோனையுமாக அப்படி வந்திருந்தது. கடைசியில் தொகுதிக்கு ஒரு கோரிக்கை, ஒரே வரி, பாலம் வேண்டும் என்று. எழுந்து நின்றாள். முதல் மூன்று பக்கத்தை எடுத்துக் கீழே வைத்தாள். "எங்க ஊர் மார்க்கெட்டுல நூத்துக்கு மேல பொம்பளைங்க யாவாரம் பாக்கோம். விடியமுன்ன வந்து மதியந்தான் வீட்டுக்குப் போறோம். ஒரு கக்கூஸ் இல்ல. ஒதுங்க எடம் இல்லாம தண்ணியே குடிக்கிறதில்ல" என்றாள்.

பாக்கோம், போறோம்! இவள் எந்த மார்க்கெட்டில் வியாபாரம் பார்த்தாள்? என் தலையெழுத்து. கலங்கரை விளக்கத்தைக் கீழே வைத்துவிட்டுக் கக்கூஸைக் கையில் எடுத்திருக்கிறாள், அதுவும் சட்டமன்றத்தில். பாலம் என்று சொல்லியிருந்தால் ஒரு கௌரவம். அன்று சாயங்காலமே தலைமையிலிருந்து போன். அவள் போனுக்கு வந்தது, நான்தானே எடுக்க வேண்டும்? "அந்தம்மாவுக்குத் தலைமையைப் பாராட்ட வாய் வராதோ?" என்று கேட்டார்கள். அடுத்த பொதுத்தேர்தலில் அவளுக்கு சீட்டு இல்லை என்பது அந்த நிமிஷம் முடிவானது. நானும் இதுதான் சமயம் என்று, "அவ வீட்டுப் பொம்பளைங்க, இந்தத் தடவை நானே நின்னுக்கிடுறேன்" என்று சொல்லிவைத்தேன். அவளைக் காப்பாற்றத்தான்.

கக்கூஸ் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கிவிட்டாள். அதோ பாருங்கள், மார்க்கெட் வாசலை ஒட்டி மஞ்சள் சுண்ணாம்பு அடித்த கட்டடம். கல்வெட்டு கூட நான்தான் எழுதினேன். மேலே தலைமை, அடுத்து மந்திரி, அடுத்து என் பெயர், அதன் கீழே அவள் பெயர். நல்ல வேலைப்பாடு.

பூட்டியிருக்கிறதா? ஆமாம், பூட்டித்தான் இருக்கிறது. கட்டி முடித்து நாலு மாதம் ஆகிறது. மந்திரி வந்துதானே திறக்க வேண்டும்? அவர் ஒரு தேதி கொடுத்தார், அன்று அஷ்டமி. இன்னொரு தேதி கொடுத்தார், அன்று அவருக்கு வேறு ஊரில் விழா. பிறகு தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள், நடத்தை விதி வந்துவிட்டது, விழா வைக்கக்கூடாது. நான் என்ன செய்யட்டும்? சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இதோ. சிவப்புக் கயிறு கட்டி வைத்திருக்கிறேன், தட்டில் வைத்து மந்திரி கையில் கொடுக்க.

சீனியம்மாள் கேட்டாள். ஒரு தடவை இல்லை, தினமும் கேட்டாள். "சாவியக் குடுங்க, விழா வேண்டாம், சும்மா தொறந்து விடுவோம்" என்றாள். "கல்வெட்டு இருக்கு, சும்மா தொறந்தா மந்திரிக்கு அவமானம்" என்றேன். "கல்வெட்டுக்கா ஒண்ணுக்கு வருது?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எம்எல்ஏ ஆகி, என் கையால நல்ல நேரத்துல தொறப்பேன்" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. புரிந்துகொண்டாள். அதுதான் அவளிடம் நல்ல குணம், ஒரு கட்டத்துக்கு மேல் பேசமாட்டாள்.

அதனால் இந்தத் தேர்தலுக்கு மனுச் செய்யும்போது பழையபடி அவளையே மாற்று வேட்பாளராகப் போட்டேன். மறுபேச்சு இல்லை. இந்தத் தடவை நான் அட்டையை ராகுகாலம் இல்லாத நேரத்தில் வாசித்தேன், இரண்டு தடவை வாசித்தேன், ஹா. என் மனு ஏற்பு. அவள் மனு தானாகத் தள்ளுபடி ஆக வேண்டும். ஆகவில்லை.

ஏன் என்று ஞானதுரை விளக்கினார். கட்சி வேட்பாளருக்கு முன்மொழிய ஒரு ஆள் போதும். சுயேச்சைக்குப் பத்து ஆள் வேண்டும். மாற்று வேட்பாளர் மனுவிலும் பத்து ஆள் கையெழுத்துப் போட்டிருந்தால், கட்சி கைவிட்ட பிறகும் அது சுயேச்சை மனுவாக உயிரோடு நிற்குமாம். சீனியம்மாள் மனுவில் பத்துக் கையெழுத்து இருந்தது. எல்லாம் மார்க்கெட் பெண்கள். மூக்கம்மா முதல் ஆள்.

"பத்துப் பேரு எதுக்கு?" என்று கேட்டேன். "ஆசையாப் போடுறேன்னாளுவ, போடச் சொன்னேன்" என்றாள். பாவம், அவளுக்கு என்ன சட்டம் தெரியும்? ஞானதுரைதான் சந்தேகப்படுகிறார். "அண்ணே, அவுக சுயேச்சையா நின்னா நம்ம ஓட்டு பாதி போயிரும். ஒங்களையும் கட்சி சும்மா விடாது, புருசன் பொண்டாட்டி நாடகம்னு சொல்லும். இன்னைக்கு மூணு மணிக்குள்ள வாபஸ் வாங்கலேன்னா ஒங்க முப்பது வருசமும் போச்சு" என்றார். அவர் வக்கீல், அப்படித்தான் பேசுவார். நான் முப்பது வருஷத்தை இவளோடும்தானே வாழ்ந்திருக்கிறேன்? நேற்று ராத்திரி கேட்டேன். "வாபஸ் வாங்கிருவேல்ல?" என்றேன். "தாலுகா ஆபீசுக்கு நாளைக்கு வாரேன்" என்றாள். பாருங்கள், வருகிறேன் என்றுதான் சொன்னாள்.

இன்று காலை பதினோரு மணிக்கே முடித்திருக்கலாம். நான் சட்டைப் பொத்தான் போடுவதற்குள் கிளம்பி நிற்கிறவள், இன்றைக்கு மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினாள். கண்ணாடி அவள் தலையில் இருந்தது. பிறகு சோறு சாப்பிட்டுவிட்டுப் போவோம் என்றாள். எனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு, கருவாடு. ரசித்துச் சாப்பிட்டேன், பொய் சொல்வானேன். இங்கே வந்து இறங்கும்போது ஒன்றரை. நான், "சீக்கிரம் போய்க் கையெழுத்தப் போட்டுட்டு வா" என்றேன். அவள் காரிலிருந்து இறங்காமல், "இன்னைக்கு வியாழக்கெழம. ஒன்றரைலருந்து மூணு ராகுகாலம். ராகுகாலத்துல கையெழுத்துப் போட்டா ஒங்களுக்கு ஆகுமா?" என்றாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது அண்ணாச்சி. வாழ்நாளில் ராகுகாலம் பார்க்காதவள். எனக்காகப் பார்க்கிறாள். "ராகுகாலம் முடியட்டும். உள்ள போய் உக்காந்திருக்கேன், முடிஞ்சதும் போடுதேன்" என்றாள். "சரி தாயி" என்றேன்.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

மூன்று மணிக்கு வாபஸ் நேரமும் முடிந்துவிடும், அதைத்தானே சொல்ல வருகிறீர்கள்? எனக்குத் தெரியாதா? முப்பது வருஷ அரசியல். மூன்று மணி என்றால் மணி அடித்தவுடன் கதவைச் சாத்திவிடுவார்களா என்ன? ஒரு நிமிஷம் முன்னே பின்னே பார்க்க மாட்டார்களா? நான் யார் என்று அந்த ஆபீசருக்குத் தெரியும். எனக்காகக் கொஞ்சம்...

மணி என்ன?

உங்கள் கடிகாரம் வேகமாக ஓடுகிறது. டீக்கடைக் கடிகாரத்தில் இரண்டு ஐம்பத்தெட்டுதான். நான் அந்தத் தடுப்புவரைக்கும் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரட்டுமா? வேண்டாம், பேப்பர்க்காரன் நிற்கிறான். போன் செய்யலாம் என்றால், போன் என்னிடமே இருக்கிறது. அந்தப் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் யார்? வந்ததிலிருந்து பார்க்கிறேன், உங்களை மாதிரி பட்டா வாங்க வந்தவர்கள் என்று நினைத்தேன். அது மூக்கம்மா. ஆமாம், மூக்கம்மாவேதான். இந்நேரம் இவளுக்குக் கடை இல்லையா?

கிரில் கதவைச் சாத்துகிறார்கள். கூட்டம் வராமல் இருக்கச் சாத்துவார்கள். வழக்கம்தான்.

மைக்கில் ஏதோ சொல்கிறான். வாபஸ் பெறும் நேரம் முடிந்தது. சரி. சுயேச்சை வேட்பாளர்களுக்குச் சின்னம் ஒதுக்கப்படுகிறது. சரி. பெயர் வாசிக்கிறான். அவன் பழைய பட்டியலை வாசிக்கிறான் அண்ணாச்சி. இந்த ஆபீஸில் எப்போதும் இப்படித்தான், எதையும் திருத்தமாட்டார்கள். அவள் பெயரை அடித்திருக்க வேண்டும். ஏன் அந்தப் பெண்கள் கை தட்டுகிறார்கள்? பட்டா வாங்க வந்தால் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே?

வருகிறாள். அதோ, வெளியே வந்துவிட்டாள். பேப்பர்க்காரனைத் தாண்டி நேராக இந்தப் பக்கம்தான் வருகிறாள், பார்த்தீர்களா? என்னைத் தாண்டி அவள் எங்கே போவாள்? கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், அவள் உட்காரட்டும்.

வா சீனி. ரொம்ப நேரமா நிக்கேன். முடிஞ்சுதா? முடிஞ்சுதுங்கிறா பாருங்க அண்ணாச்சி. போட்டுட்டியா கையெழுத்து? என்ன? சின்னத்துக்கா? எந்தச் சின்னத்துக்கு? சரி, அத வீட்டுல பேசிக்கிடுவோம், நாலு பேரு பாக்காங்க. கையை ஏன் நீட்டுற? போன்தான, இந்தா. இது இல்லயா? பின்ன என்ன?

சாவியா?

எதுக்கு இப்ப? விழா இல்லாமயா? கல்வெட்டத் தெறக்காம கதவ மட்டும் தெறக்கிறதா? இல்ல சீனி, நடத்தை விதி... சரி. சரி. கைய எறக்கு. எல்லாரும் பாக்காங்க. இந்தா.

கயிற்றை அவிழ்த்து மேஜையில் வைத்துவிட்டுப் போகிறாள் பாருங்கள்.

போகட்டும். வீட்டுக்குத்தானே வர வேண்டும்? சாயங்காலம் பேசிக்கொள்ளலாம். ஜெயிக்கவா போகிறாள்? அவளுக்கு மைக் பிடித்துப் பேச வராது. நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். யாருக்கு எதிராக எழுதுவேன்? அதெல்லாம் பிறகு. நாளைக்கு ஜீப்பில் என் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று ஞானதுரையைக் கேட்க வேண்டும். கும்பிடுவதற்கு ஒரு ஆள் வேண்டுமே.

அங்கே என்ன கூட்டம்? எனக்குத் தூரப்பார்வை கொஞ்சம் மங்கல். பூட்டைத் திறந்துவிட்டார்களா? மூக்கம்மாவா உள்ளே போகிறாள்? மந்திரி திறக்க வேண்டிய கதவு, பூசணிக்காய்க்காரி முதல் ஆளாகப் போகிறாள். வரிசை கட்டிவிட்டார்கள். நம்மவள் எங்கே? வரிசையிலா நிற்கிறாள்? கடைசி ஆளாக, அவர்களோடு ஒருத்தியாகவா? எம்எல்ஏ அண்ணாச்சி அவள், புதுச் சபை வரும்வரை எம்எல்ஏ.

யாரோ ஒருத்தி பாட்டில் நீட்டுகிறாள். வாங்கி என்னிடம் தருவாள், பாருங்கள். அதுதான் அவள் வழக்கம். வெளியில் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டாள்.

குடிக்கிறாள்.

அண்ணாந்து, வாயோரம் வழிய வழிய, நடுத்தெருவில் நின்று குடிக்கிறாள் அண்ணாச்சி. இன்னொரு பாட்டில் கேட்கிறாள். இவளுக்கு இத்தனை தாகம் இருக்கும் என்று யாராவது என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?